நீச்சல்குள நீலம்

இடுக்கியால் கவ்விப் பிடித்து, இடது காலை ஃபிரிட்ஜின் அடியில் ஊன்றிக்கொண்டு லவெட்டா இழுத்தாள். ஃபிரிட்ஜ் கதவில் குத்தியிருந்த இரும்புச் சில்லு அசையவில்லை. கறுப்பு ஸ்கர்ட்டின் தையல் எங்கோ விட்டுப்போன சத்தம் மட்டும் கேட்டது.

"விடு அதை. அடக்கத்துக்கு சர்ச்சுல எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க," என்றாள் பெவர்லி. அடுத்த பண்ணைக்காரி. இரண்டு கைகளிலும் சூடான கோழி நூடுல்ஸ் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு பின்வாசல் வழியாக வந்திருந்தாள்.

"இது குத்திக்கிட்டு நிக்கிற ஃபிரிட்ஜுல உன் நூடுல்ஸை வைக்கணுமாக்கும்?"

"வெடிகுண்டுக்காரங்க எல்லாத்தையும் பொறுக்கிட்டுப் போயிட்டாங்கன்னியே."

"ஷெட்டுல கெடந்ததைப் பொறுக்கினாங்க. சுவத்தைத் துளைச்சிக்கிட்டு சமையல்கட்டு வரைக்கும் வந்ததை யாரு பார்த்தா? நேத்து பால் எடுக்கும்போதுதான் நானே பார்த்தேன். இரு, இன்னும் ஒரே இழு."

"ஏய், கை, கை!"

சில்லு பிய்த்துக்கொண்டு வந்தது. லவெட்டா பின்னால் சாய்ந்து மேஜையில் இடித்துக்கொண்டாள். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய இரும்பு. உடைந்த பல்லைப் போல முனையெல்லாம் கூர். புகை ஏறிக் கறுத்திருந்தது. உள்ளங்கையில் வைத்து மூடியதும் கீறிவிட்டது. ரத்தத்தைப் பார்த்தாள், ஸ்கர்ட்டில் துடைத்துக்கொண்டாள், சில்லைக் கோட்டுப் பையில் போட்டாள்.

"அதை எதுக்குப் பையில போடுற?"

"சாகும்போது அவருகூட இருந்தது. குப்பையிலயா போடச் சொல்ற?"

பெவர்லி பாத்திரத்தை மேஜையில் வைத்தாள். மற்ற பெண்கள் பாத்திரங்களோடு வருவதற்குத் தோதாகப் பின்வாசல் வலைக்கதவை அகலத் திறந்து, கதவடியில் இருந்த நீலக் கனத்தைச் செருப்பு முனையால் தள்ளி முட்டுக் கொடுத்தாள்.

அது ஒரு பீரங்கிக் குண்டு. போன வசந்தத்தில், அவர்கள் கல்யாண நாளுக்கு, பழைய குண்டு சேகரிக்கிற அவள் புருஷன் ஹாலிஸுக்கு, தம்பி ராய்ஸ் ஜோடியாக இரண்டு கொண்டுவந்து கொடுத்தான். அவன் போன பிறகு ஒன்று ஷெட்டு அலமாரிக்குப் போனது. இன்னொன்றை லவெட்டா எடுத்துக்கொண்டாள். "எனக்கும்தானே கல்யாண நாள்? என் கதவுக்கு வச்சுக்கறேன்." ஓக்லஹோமா காற்றுக்கு நாற்காலி எல்லாம் நிற்காது, இது நின்றது. ஒரு மாதத்தில் அவள் அதைக் குண்டாகப் பார்ப்பதை மறந்துபோனாள். சனிக்கிழமை ராணுவத்திலிருந்து வந்த வெடிகுண்டுப் பிரிவுப் பெண், "வீட்டுக்குள்ள குண்டு ஏதாவது இருக்கா மேடம்?" என்று கேட்டபோது, "ஒரு காலித் தோட்டாவைக்கூட நான் உள்ள விட்டதில்ல," என்று சொன்னாள். பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பின்படியோரம் ஹாலிஸின் நல்ல பூட்ஸ் இரண்டும் கழற்றிப் போட்டபடியே கிடந்தன. அவற்றைத் தாண்டிக்கொண்டு இருவரும் காருக்குப் போனார்கள்.

சனிக்கிழமை அவள் முன்வாசலில் பள்ளிக்கூடப் பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் ஓட்டுகிற பேருந்து. மலைக்கு அந்தப்பக்கம் ராணுவத்துக்காரர்கள் விடிந்ததிலிருந்து பீரங்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். அந்த வட்டாரத்தில் இடி மாதிரி சத்தம் கேட்டால் யாரும் தலை தூக்கிப் பார்ப்பதில்லை. பார்ப்பவன் வெளியூர்க்காரன். அந்தச் சத்தம் கேட்டதும், "இன்னிக்குக் கொஞ்சம் கிட்டத்துல அடிக்கிறானுங்க," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சக்கரத்து மண்ணின்மேல் தண்ணீரை அடித்தாள். பேருந்தின் கூரையில் எதுவோ விழுந்து உருண்டது. மரச்சிராய். அதற்குப் பிறகுதான் ஓடினாள்.

வேலைமேஜை இருந்த இடத்தில் மேஜை இல்லை. ஹாலிஸ் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் பாதி அவளுக்குத் தெரிந்த முகமாக இருந்தது. அந்தப் பாதியில் வாய் அசைந்தது. வலது கை இல்லை. இடது கை அவள் சட்டையைப் பிடித்தது. விரலைப் பிரித்து விடுவிக்கத்தான் ஆம்புலன்ஸ்காரனுக்கு ஆள் துணை வேண்டியிருந்தது.

சவப்பெட்டியை மூடியே வைத்திருந்தார்கள்.

சர்ச்சில் பாஸ்டர் பொதுவாகப் பேசினார். பிறகு குண்டு சேகரிப்போர் சங்கத்துத் தலைவர் மெர்ல் எழுந்து நின்றார். பெரிய உடம்புக்காரர், கழுத்துப் பட்டி இறுக்கி முகம் சிவந்திருந்தது.

"பேப்பர்ல போட்டிருக்கான், கவனக்குறைவுன்னு. உயிரோட இருக்கிற, மருந்து எடுக்காத குண்டை ஹாலிஸ் துளை போடப் போனாருன்னு. இந்த மாவட்டத்துல யாரு வீட்டுப் பரண்ல எது கெடைச்சாலும் ஹாலிஸைத்தான் கூப்பிடுவோம். 'நீலம்னா பயிற்சிக் குண்டு. பயிற்சின்னா காலின்னு எவன்டா சொன்னான் உனக்கு'ன்னு என்னைக் கிழிச்சிருக்காரு. துளை இருக்கா, உள்ளிருந்ததை எடுத்துட்டாங்களா, இந்தத் துளையில விட்ட கம்பி எதிர்த் துளையில வருதா, பார்த்துட்டுத்தான் கையில எடுப்பாரு. எங்களையும் அப்படித்தான் பழக்கினாரு. அவருக்கு எப்படி இது..."

உட்கார்ந்துவிட்டார்.

பின்வரிசையில் ஒரு குரல், மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசியது. "வயசாச்சு. கண்ணு மங்கியிருக்கும். நீச்சல் தெரிஞ்சவன்தானே ஆத்துல போறான்."

லவெட்டா திரும்பினாள். தீவனக் கடைக்காரன்.

"கண்ணு மங்கின ஆளைப் போன மாசம் உன் மாமனாரு வீட்டுக் கண்ணிவெடியைக் காட்டக் கூட்டிக்கிட்டுப் போனியே, அப்போ தெரியலையா?"

"லவெட்டா, நான் ஒண்ணும் தப்பா..."

"வாயை மூடு."

பாஸ்டர் அவசரமாகப் பாட்டு எண்ணைச் சொன்னார்.

ராய்ஸ் முன்வரிசையில், அவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். பாடவில்லை. முழங்கையை முழங்காலில் ஊன்றித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சவப்பெட்டியைத் தூக்கும்போது இவன் பக்கம் சாய்ந்தது. மெர்ல் "தூக்குடா, தூக்கு," என்று அதட்ட வேண்டியிருந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். சர்ச்சுக் கூடத்திலேயே சாப்பாடு வைத்துக்கொள்ளலாம் என்று பாஸ்டரின் மனைவி சொன்னாள். லவெட்டா கேட்கவில்லை. "அவரு வீட்டுலதான் சாப்பிடணும். ஓட்டை விழுந்த வீடா இருந்தாலும்."

சமையல்கட்டு மேஜையில் பன்றித் தொடைக் கறி, பீன்ஸ், உருளைக்கிழங்கு சாலட், இரும்புச் சட்டியோடு சோள ரொட்டி, யாரோ கொண்டுவந்த பச்சை நிற ஜெல்லி. ஆண்கள் தட்டோடு முற்றத்தில் நின்று, ஷெட்டு இருந்த இடத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். பிள்ளைகள் பின்வாசல் வழியாக உள்ளே வந்து முன்வாசல் வழியாக ஓடினார்கள். ஒவ்வொரு தடவையும் வலைக்கதவு அந்த நீலக் கனத்தில் மோதி 'டங்' என்றது.

"எங்க இந்த ராய்ஸ்? சனிக்கிழமையிலேருந்து வீட்டுக்குள்ள காலே வைக்கல," என்றாள் லவெட்டா.

"அப்பா பிக்கப்புல உக்காந்திருக்காரு பெரியம்மா," என்றாள் ஷானா, ராய்ஸின் மகள். "சாப்பிட வாங்கன்னேன். பசிக்கலங்கறாரு. பெரியப்பாவை நெனச்சு ஒடிஞ்சுபோயிட்டாரு."

"ஒடிஞ்சாலும் சாப்பிடணும். சர்ச்சுலேருந்து மடக்கு நாற்காலி வந்திருக்குல்ல? அதை எடுத்துட்டு வரச் சொல்லு. வேலை கொடுத்தா வருவான்."

வந்தான். இரண்டு அக்குளிலும் நாற்காலிகளை இடுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி பின்படியில் ஏறினான். லவெட்டா சோள ரொட்டியை அறுத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

ஷானாவின் மகள் மேஸி கதவடியில் அந்த நீலக் குண்டைக் கீழே சாய்த்து, அதன்மேல் குதிரை ஏறியதுபோல் உட்கார்ந்து, காலால் உந்தி முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தாள். "ஹே! ஹே! ஓடு!"

ராய்ஸ் நின்றான்.

நாற்காலிகளைக் கீழே போடவில்லை. ஒவ்வொன்றாக, சுவரோரமாக, தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் வைப்பதுபோல வைத்தான். முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. வாய் மட்டும் சிரித்தது.

"மேஸி, கண்ணு. தாத்தாவுக்கு ஒரு முத்தம் குடு. ஆடாத. காலை ஆட்டாத. அப்படியே இரு, நான் தூக்கறேன்."

"குதிரை, தாத்தா!"

"ஆமாடா, குதிரை. குதிரை தூங்கப் போகுது."

இரண்டு கைகளாலும் அவளை மேலே தூக்கினான். கண்ணாடிக் குடுவைக்குள்ளிருந்து எதையோ எடுப்பதுபோல, எதிலும் படாமல். குழந்தையை மார்போடு அழுத்திக்கொண்டு இரண்டு படி பின்னால் இறங்கினான். அப்போதுதான் நிமிர்ந்தான். லவெட்டா பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான்.

கத்தி ரொட்டியில் பாதியில் நின்றது.

அவள் கோட்டுப் பையில் கையை விட்டாள். சில்லை எடுத்தாள். கட்டைவிரலில் எச்சில் தொட்டு, சாம்பலைத் தேய்த்தாள். மறுபடியும் தேய்த்தாள். ஒரு ஓரத்தில், கறுப்புக்கு அடியில், நீலம் தெரிந்தது. ராணுவ நீலம் இல்லை. பளீரென்ற நீலம்.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது ஹாலிஸ் சொன்னது அதுதான். "ராய்ஸ் அடிச்சிருக்கிற நீலம் கண்ணைக் குத்துது, லவெட்டா. நீச்சல்குளத்து நீலம். எந்த ராணுவத்துல இப்படி அடிக்கிறான்? படகுக்கு வாங்கின பெயின்ட்டுல மிச்சத்தை அடிச்சிருக்கான் படவா."

"அவன்கிட்டயே சொல்றதுதானே?"

"சொன்னா இன்னொரு வருஷம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான். மெஷின் பிரஷ்ல பிடிச்சு சுரண்டிட்டு, சரியான நீலத்தை அடிச்சு, சத்தமில்லாம அதே எடத்துல வச்சுடறேன். அவனுக்குத் தெரியவா போகுது?"

ஒரு வருஷம் பேசாமலிருந்தது நிஜம்தான். துல்சா நகரத்துக் குண்டுக் கண்காட்சியில், ராய்ஸின் மேஜையிலிருந்த குண்டில், நாலு பேர் பார்க்க, ஹாலிஸ் கம்பி விட்டுப் பார்த்தார். கம்பி ஒழுங்காக எதிர்ப்பக்கம் வந்தது. "ஊரான் சரக்குல விட்டுப் பாரு. தம்பி சரக்குலயுமா?" என்று கத்திவிட்டு, ராய்ஸ் மேஜையைச் சுருட்டிக்கொண்டு போனவன், கல்யாண நாளன்றுதான் அந்த ஜோடியோடு படியேறினான். அன்றைக்கும் ஹாலிஸின் கை பழக்கத்தில் ஆணியிலிருந்த கம்பிக்குப் போனது. எடுத்தார். தம்பி முகத்தைப் பார்த்தார். கம்பியைச் சட்டைக்குள் விட்டு முதுகைச் சொறிந்துகொண்டு, திரும்ப ஆணியில் மாட்டினார். லவெட்டா அன்றைக்கு அதைப் பார்த்துச் சிரித்தாள்.

கம்பி இப்போதும் சமையல்கட்டு ஆணியில்தான் தொங்கியது. கோட் ஹேங்கரை நிமிர்த்திச் செய்த கம்பி. எடுத்தாள். கதவடியில் மண்டியிட்டாள். குண்டைத் தொடவில்லை, அது சாய்ந்து கிடந்தபடியே, மேல்பக்கம் இருந்த துளையில் கம்பியின் நுனியை வைத்தாள். தள்ளவில்லை. அதுவாக இறங்கட்டும் என்று விரலைத் தளர்த்தினாள்.

நகம் அளவு இறங்கியது. நின்றது.

எதிர்ப்பக்கத்துக்குப் போக வழியே இல்லை.

லவெட்டா எழுந்தாள். பேருந்தில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு டயர் வெடித்தபோது எந்தக் குரலில் பேசினாளோ அதே குரலில் பேசினாள்.

"எல்லாரும் நான் சொல்றதைக் கேளுங்க. தட்டைக் கீழ வைங்க. முன்வாசல் வழியா வெளிய போங்க. ஓடாதீங்க. பின்பக்கம் யாரும் வராதீங்க. பிள்ளைங்க முதல்ல."

"என்னாச்சு?"

"பெவர்லி, அந்த ஜெல்லியை வை கீழ. நட."

"கேஸ் ஏதாவது ஒழுகுதா?"

"நடன்னேன்."

மெர்ல் மட்டும் கதவு வரைக்கும் வந்து, அவள் கையிலிருந்த கம்பியையும் தரையையும் பார்த்தார். "கடவுளே," என்றார். வேறெதுவும் கேட்காமல் முற்றத்து ஆண்களைச் சாலைக்கு விரட்டிக்கொண்டு போனார். போகும்போதே போனை எடுத்தார்.

சிவப்பு மண் சாலையில், கறுப்பு உடுப்பில், ஊரே நின்றது. காற்று பெண்களின் தொப்பிகளைப் பிடித்து இழுத்தது. ராய்ஸ் வேலிக் கம்பத்தில் சாய்ந்து நின்றான். மேஸி இன்னும் அவன் தோளில்.

லவெட்டா அவனிடம் போனாள். கம்பி அவள் கையில் இருந்தது.

"பிள்ளையை அவ அம்மாகிட்ட குடு."

கொடுத்தான்.

"எங்கேருந்து வாங்கின?"

"அண்ணி..."

"எங்கேருந்து?"

"ஒரு பண்ணை ஏலத்துல. களஞ்சியத்துல கெடந்துது. பச்சைப் பெயின்ட்டு, துரு... எழுத்து ஒண்ணும் படிக்க முடியல."

"துளை?"

"நான் போட்டது. துளை இல்லன்னா கண்காட்சியில மேஜையில வைக்க விடமாட்டாங்க, உங்களுக்கே தெரியும். கொஞ்ச தூரம் போனதும் ட்ரில்லு சூடாயிருச்சு. பயமாயிருச்சு. நிறுத்திட்டேன்."

"பயமாயிருச்சு."

"அப்புறம் விக்க மனசு வரல அண்ணி. யாருக்காவது ஏதாவது ஆயிருச்சுன்னா..."

"அதனால எங்களுக்குக் குடுத்த."

"அண்ணன் பார்ப்பாருன்னு குடுத்தேன்! அவரு எப்படியும் கம்பி விடுவாரு. 'மடையா, இது உயிரோட இருக்குடா'ன்னு திட்டுவாரு, ஆளைக் கூப்பிட்டு எடுத்துட்டுப் போகச் சொல்லுவாரு. அதுக்குத்தான் குடுத்தேன். அவரு யாரையுமே நம்பமாட்டாரே அண்ணி! என்னைக்கு நம்பியிருக்காரு?"

"உன்னை நம்பினாரு."



முதல் அடி அவன் கன்னத்தில் விழுந்தது. கம்பி விசிறிய சத்தம் முதலில் வந்தது, சிவப்புக் கோடு பிறகு வந்தது. இரண்டாவது அடி காதிலிருந்து உதடு வரைக்கும். "சனிக்கிழமையே உனக்குத் தெரியும்!" மூன்றாவது கழுத்தில். "அஞ்சு நாளா வாயே திறக்கல! சர்ச்சுல என் பக்கத்துல உக்காந்திருந்த! பெட்டியைத் தூக்கின! ஊரே அவரைக் குருடன்னு சொல்லிச்சு, கேட்டுக்கிட்டிருந்த!"

"ஷெட்டுல ரெண்டும் இருந்துச்சுன்னு நெனச்சேன், ரெண்டையும் எடுத்துட்டாங்கன்னு..."

"நெனச்ச!"

அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. அடிக்க வசதியாக நிற்பதுபோல நின்றான். அது அவளை இன்னும் வெறியேற்றியது. கண்ணைத் தவிர்க்க வேண்டும் என்று ஒரு மூலையில் தோன்றியது. தவிர்த்தாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் முழுக்கப் புள்ளிபுள்ளியாகச் சிவந்தது. பாஸ்டர் "சகோதரி, சகோதரி" என்று சொல்லிக்கொண்டே கிட்டே வராமல் நின்றார். கம்பி வளைந்து அவன் கழுத்தில் மாட்டிக்கொண்டது, பிடித்து இழுத்தாள், அவன் முழங்காலில் விழுந்தான். மெர்ல் பின்னாலிருந்து அவள் இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டிப் பிடித்தார்.

"போதும்மா. போதும். செத்துருவான்."

"விடு என்னை."

"விடமாட்டேன்."

ஷானா வந்தாள். குழந்தையைப் பெவர்லியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அப்பனைத் தூக்கிவிடப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். குனிந்து, அவன் முடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். தலை தொங்கியது.

"அவ அதுமேல ஒக்காந்திருந்தா, இல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

ராய்ஸ் தலையாட்டினான்.

வெடிகுண்டுப் பிரிவு வந்தது. அதே இளம்பெண், அதே கனத்த உடுப்பு. சமையல்கட்டுக்குள் ஒரு பெட்டியைக் கொண்டுபோய்க் குண்டை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். திரும்பி வந்தபோது தலைக்கவசத்தைக் கழற்றினாள். வியர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"உள்ள மருந்து நெறஞ்சிருக்கு மேடம்."

"ம்."

"சனிக்கிழமை உங்ககிட்ட கேட்டேனே. வீட்டுக்குள்ள ஒண்ணும் இல்லன்னீங்க."

"அது என் கதவுக் கனம்மா," என்றாள் லவெட்டா. "குண்டுன்னு நீ கேட்டே. கதவுக்கு என்ன வச்சிருக்கேன்னு நீ கேக்கல."

அந்தப் பெண் தலைக்கவசத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். "அடுத்த வீட்டுல அப்படித்தான் கேப்பேன்," என்றாள்.

பின்பக்க மேய்ச்சல் நிலத்தில் குழி தோண்டி, மண்மூட்டை அடுக்கி, பெவர்லியின் மாடுகளைத் தூர ஓட்டிவிட்டு, அங்கேயே வெடிக்க வைத்தார்கள். வெடித்தது. தரை ஒரு தடவை தூக்கிப்போட்டது. சிவப்பு மண் மரத்துக்கு மேலே எழும்பி, காற்றில் சாய்ந்து, சாலை வரைக்கும் வந்து தலைகளில் தூவியது. பிறந்ததிலிருந்து பீரங்கிச் சத்தத்துக்குத் தலை தூக்காத ஜனம், ஒரே சமயத்தில் குனிந்தது. தீவனக் கடைக்காரன் தரையில் படுத்தே விட்டான்.

லவெட்டா குனியவில்லை. அந்தச் சத்தத்தை முழுதாகக் கேட்டாள்.

ஷெரிஃப் ஆபீஸிலிருந்து வந்த போலீஸ்காரர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவளிடம் வந்தார். வேலியடியில் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்த ராய்ஸைப் பார்த்தார். அவள் கையில் வளைந்து கிடந்த கம்பியைப் பார்த்தார். இரண்டையும் பார்க்காததுபோல வைத்துக்கொண்டார்.

"இதை உங்களுக்கு யாரு கொடுத்தது மேடம்?"

மெர்ல் தன் ஷூவைப் பார்த்தார். ஷானா குழந்தையின் முகத்தைத் தன் தோளில் புதைத்துக்கொண்டாள். ராய்ஸ் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. திறந்திருந்த கண், ஹாலிஸின் கண்.

அவள் கம்பியை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அவனுக்கு வாய் இருக்கு," என்றாள். "அவன்கிட்ட கேளுங்க."

போலீஸ்காரர் திரும்பினார். ராய்ஸ் வேலிக் கம்பத்தைப் பிடித்து எழுந்தான். உதட்டைத் துடைத்தான்.

"நான்தான்," என்றான். "ரெண்டையும் நான்தான் கொடுத்தேன். துளையும் நான் போட்டது. அண்ணன் மேல எந்தத் தப்பும் இல்ல. அதை எழுதிக்குங்க. பேப்பர்காரனுக்கும் சொல்லுங்க."

தானாகவே நடந்து போய்ப் போலீஸ் காரின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தான். கதவைச் சாத்தாமல் விட்டான். போலீஸ்காரர் சாத்தினார்.

மெர்ல் அவள் பக்கத்தில் வந்து நின்றார். "இப்போ எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, லவெட்டா. ஹாலிஸ் மேல தப்பில்லன்னு."

"தப்புதான்."

"என்னம்மா சொல்ற?"

"கம்பி விட்டிருக்கணும்."

மெர்ல் வளைந்த கம்பியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்ளப் பார்த்தார். அவள் கொடுக்கவில்லை.

எல்லோரும் போனார்கள். பெண்கள் சிலர் பாத்திரங்களை எடுக்க வந்து, எடுக்காமலே போனார்கள். மேஜையில் கறிமேல் மெல்லிய சிவப்புத் தூசி படிந்திருந்தது. பச்சை ஜெல்லி மட்டும் அப்படியே நின்று லேசாக ஆடியது.

லவெட்டா கம்பியை முழங்காலில் வைத்து முடிந்த அளவுக்கு நிமிர்த்தி, ஆணியில் மாட்டினாள். சில்லை அதன் பக்கத்தில், ஜன்னல் விளிம்பில் வைத்தாள். பெவர்லியின் பாத்திரத்தைத் தூசி தட்டி ஃபிரிட்ஜுக்குள் வைத்தாள். ஃபிரிட்ஜின் ஓட்டை வழியாக உள்விளக்கின் வெளிச்சம் ஒரு புள்ளியாக அவள் ஸ்கர்ட்டில் விழுந்து, கதவு மூடியதும் அணைந்தது.

பின்வாசல் வலைக்கதவு காற்றில் அடித்தது. திறந்தது. மறுபடியும் அடித்தது.

அவள் படிக்குப் போனாள். ஹாலிஸின் பூட்ஸ் ஒன்றை எடுத்து, உள்ளே விழுந்திருந்த மண்ணைத் தட்டிக் கொட்டி, கதவைத் திறந்து அதன் அடியில் வைத்தாள். நிமிர்ந்தாள். காற்று கதவைப் பிடித்துத் தள்ளியது. பூட்ஸ் தரையைத் தேய்த்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தது, பிறகு இன்னும் கொஞ்சம்.

அவள் மறுபடியும் குனிந்து, இன்னொரு பூட்ஸையும் எடுத்துவந்து, அதன் பக்கத்தில் சேர்த்து வைத்தாள்.